ஸ்பீடு ஸ்லைடுல இறங்கினா முதுகு ஏன் வலிக்குது? பொண்ணை ஏத்தலாமா?

வாலாஜா அப்பா

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க ரெண்டு குடும்பத்தோட ஒரு வாட்டர் பார்க்குக்குப் போயிருந்தோம். பேர் வேணாம், கேள்வி பார்க்கைப் பத்தினது இல்ல. அங்க செங்குத்தா இறங்குற ஒரு ஸ்பீடு ஸ்லைடு. எனக்கு 43 வயசு, 88 கிலோ. மேல இருந்த பையன் "படுத்துக்கங்க சார், கையை நெஞ்சுல கட்டிக்கங்க"ன்னு சொன்னான். படுத்தேன். பாதி தூரத்துல பயம் வந்து, எங்க போறோம்னு பார்க்கத் தலையைத் தூக்கி, அப்படியே எழுந்து உட்கார்ந்துட்டேன். அடியில வளையிற இடத்துல இடுப்புல ஒரு குத்து. கடைசியில தண்ணி முகத்துல அறைஞ்சு மூக்குல ஏறி நெத்தி வரைக்கும் எரிஞ்சுது. மூணு நாள் குனிய முடியல. கழுத்தும் பிடிச்சுக்கிச்சு.

இப்ப விஷயம் என்னன்னா, என் பொண்ணுக்கு 12 வயசு. 34 கிலோ, 4 அடி 8 அங்குலம். அன்னைக்கு அவளை நான் ஏத்தல. முழு ஆண்டு லீவுல மறுபடி போகலாம்னு மாமா பசங்க கூப்பிடுறாங்க, அவ அந்த ஸ்லைடுலதான் போவேன்னு ஒரே பிடிவாதம். வீட்ல அம்மா கூடவே கூடாதுங்கிறாங்க. எனக்கு வலிச்சது என் தப்பா, ஸ்லைடு தப்பா, இல்ல வேகம்னாலே அப்படித்தானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. பயமுறுத்தவும் வேணாம், "ஒண்ணும் ஆகாது"ன்னு தட்டிவிடவும் வேணாம்.

ஒடுகத்தூர் கிணத்துக்காரன்

ண்ணா, எங்க ஊர்ல ஒவ்வொரு கெணறும் ஒரு வாட்டர் பார்க்குதான். மோட்டார் ரூம் மேல ஏறி நின்னுக்கினு குதிப்போம். பத்து வயசுலயே குதிச்சோம், ஒருத்தனுக்கும் முதுகு போகல. பாப்பாவைத் தாராளமா அனுப்புங்க. நேரா விழுந்தா எதுவும் ஆவாது. வயிறு அடிச்சு விழுந்தாத்தான் செவசெவன்னு ஆயிடும், ராத்திரி பூரா எரியும்.

குடியாத்தம் வாத்தியார்

கிணத்துக்காரத் தம்பி தன்னை அறியாமலே முழுப் பாடத்தையும் சொல்லிட்டார். நான் மேல்நிலைப் பள்ளியில இயற்பியல் எடுக்கிறேன். அவரோட கிணத்தையே எடுத்துக்குவோம்.

5 மீட்டர் உயரத்துல இருந்து குதிச்சா தண்ணியைத் தொடும்போது வேகம் நொடிக்கு 10 மீட்டருக்குப் பக்கம். மணிக்கு 36 கிலோமீட்டர். கால் முதல்ல நேரா இறங்கினாலும் அதே வேகம், வயிறு அடிச்சாலும் அதே வேகம். ஆனா காலை நேரா விட்டு இறங்குறவன் ரெண்டரை மீட்டர் ஆழம் போய் மெதுவா நிக்கிறான். அவன் வேகத்தைக் குறைக்கிற நிகர விசை அவன் எடையைப் போல சுமார் 2 மடங்கு. வயிறு அடிக்கிறவன் ஒரு அடிக்குள்ள நிக்கிறான். கணக்குப் போட்டா 16 மடங்குக்கு மேல வருது. அதனாலதான் ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு ஏறி வர்றான், இன்னொருத்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றான்.

வேகம் வலிக்காது. ஏரோப்ளேன்ல மணிக்கு 800 கிலோமீட்டர்ல காபி குடிக்கிறோம். வேகம் மாறுறதுதான் வலிக்கும். எவ்வளவு சீக்கிரம் மாறுது, எந்தப் பக்கமா மாறுது, அப்ப உடம்பு எப்படி இருக்கு, இந்த மூணும்தான். வேகத்தோட அளவு மாறினாலும் சரி, திசை மாறினாலும் சரி, உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

உங்க ஸ்லைடு எவ்வளவு உயரம்னு தெரியுமா? படிக்கட்டு எண்ணினீங்களா?

வாலாஜா அப்பா

எண்ணல சார். மூணு மாடி, நாலு மாடி இருக்கும்.

குடியாத்தம் வாத்தியார்

அடுத்த தடவை போனா எண்ணுங்க. ஒரு படி 17 சென்டிமீட்டர்னு வச்சுக்கலாம், முடிஞ்சா ஜாண் வச்சு அளந்துக்கோங்க. 78 படின்னா 13 மீட்டர் சில்லறை. உராய்வே இல்லன்னா அடியில நொடிக்கு 16 மீட்டர் வேகம், மணிக்கு 58 கிலோமீட்டர். நிஜத்துல தண்ணியும் துணியும் காத்தும் ஒரு பங்கைத் தின்னுடும். நொடிக்கு 13 மீட்டர்னு வச்சுக்குவோம்.

அந்த 13 மீட்டர் வேகத்துல அடியில வளைவு வருது. வளையும்போது உடம்பைத் தள்ளுற முடுக்கம், வேகத்தோட வர்க்கத்தை வளைவோட ஆரத்தால வகுத்தா வரும். ஆரம் 25 மீட்டர்னா 0.7 ஜி. ஒரு ஜி-ன்னா நம்ம சொந்த எடை அளவு விசை. நம்ம சொந்த எடையோட சேர்த்து 1.7 ஜி. அதே வளைவை 12 மீட்டர் ஆரத்துல கட்டினா 2.4 ஜி ஆயிடும். ரெண்டுலயும் வேகம் ஒண்ணு, உயரம் ஒண்ணு. வளைவு மட்டும்தான் வேற. 88 கிலோ ஆள் அந்த அரை நொடிக்கு 210 கிலோ ஆளா இருக்கார். அந்த நேரத்துல நீங்க உட்கார்ந்திருந்தீங்க, அதுதான் குத்து.

காட்பாடி பிசியோ

சார் விட்ட இடத்துல இருந்து நான் சொல்றேன். முதுகு வலின்னு வர்றவங்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

உட்கார்ந்திருக்கும்போது மேலிருந்து கீழ வர்ற பாரம் முழுக்க முதுகெலும்போட நீள வாக்குல, ஒரு எலும்பு மேல ஒரு எலும்பா அழுத்தும். இடுப்புப் பக்கம் எலும்பும் அதுக்கு நடுவுல இருக்கிற டிஸ்க்கும் அதைத் தாங்கணும். முன்னாடி கொஞ்சம் குனிஞ்சு உட்கார்ந்திருந்தா இன்னும் மோசம். பயந்தா யாரும் குனிஞ்சுதான் உட்காருவாங்க. படுத்திருந்தா அதே 2.4 ஜி, நெஞ்சுல இருந்து முதுகுப் பக்கமா வரும். முதுகு முழுக்கப் பரவிடும், ரத்தமும் தலையில இருந்து காலுக்கு இறங்காது. இந்தத் திசையில உடம்பு தாங்குறது ரொம்ப அதிகம். விண்வெளிக்குப் போறவங்களை மல்லாக்கப் படுக்க வச்சு ஏத்துறதுக்கும் காரணம் இதுதான்.

கழுத்து. தலை சுமார் 5 கிலோ. 2.4 ஜி-யில அது 12 கிலோ. எங்க போறோம்னு பார்க்கத் தலையைத் தூக்கினீங்கன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அந்த நேரம் 12 கிலோ அரிசி மூட்டையைக் கழுத்துத் தசை மட்டும் தூக்கிப் பிடிச்சிருக்கு. மறுநாள் பிடிச்சுக்கிட்டதுல ஆச்சரியமே இல்ல. தலையைக் கீழ வச்சுட்டா அந்த வேலை ஸ்லைடோடது.

இப்ப குனிய முடியுதா? காலுக்கு வலி இறங்குதா, மரத்துப் போகுதா? சிறுநீர் போறதுல சிரமம், உட்காருற இடம் மரத்துப் போறது, கால் பலம் குறையுறது, இதுல எது இருந்தாலும் ஒரு நாள் கூடத் தள்ளாம ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெறும் தசை வலின்னா ஒரு வாரம், பத்து நாள்ல குறைஞ்சுடும்.

வாலாஜா அப்பா

இப்ப பரவாயில்ல மேடம். காலுக்கெல்லாம் இறங்கல. நன்றி. அப்ப முக்கால்வாசி என் தப்புன்னு புரியுது. ஆனா இன்னொண்ணு கேக்கணும். படுத்திருந்த நேரத்துல கூட "டக் டக்"னு முதுகுல தட்டிக்கிட்டே வந்துச்சு. தோள்பட்டை எலும்புல ஒரு இடத்துல கன்னிப்போய் இருந்துச்சு. அது என்ன?

ராணிப்பேட்டை ஃபைபர் கை

ணா, அது ஜாயிண்டு. நான் சிப்காட் பக்கம் ஃபைபர் வேலை செய்றவன். கெமிக்கல் டேங்க்தான் எங்களுக்கு மெயின் வேலை, ஸ்லைடு பீஸும் ரெண்டு சீசன் போட்டிருக்கேன்.

ஒரு ஸ்லைடு ஒரே பீஸ் கிடையாது. அச்சுல முதல்ல ஜெல் கோட் அடிப்போம், அதான் நீங்க உட்கார்ற வழவழ பக்கம். அது மேல கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் மாத்தி மாத்திப் போட்டு ரோலர்ல காத்துக் குமிழை வெளியேத்துவோம். காஞ்சதும் அச்சுல இருந்து எடுத்து, ரெண்டு ஓரத்துலயும் வெளிப்பக்கமா மடிஞ்சிருக்கிற விளிம்புல, அதான் ஃபிளேஞ்சு, ஓட்டை போட்டு, சைட்டுக்குக் கொண்டு போய் போல்ட்டு போட்டு, இடுக்குல சீலன்ட் அடிச்சு, தேய்ச்சு சமம் பண்ணணும்.

அங்க ஒரு விதி உண்டு. நம்ம நாட்டு ஓடு வேயுறது தெரியும் இல்ல? மேல் ஓடு கீழ் ஓட்டு மேல படிஞ்சிருக்கணும், அப்பதான் தண்ணி தடங்காம ஓடும். ஸ்லைடும் அப்படித்தான். ஆள் வர்ற பக்கத்துல இருந்து பார்த்தா அடுத்த பீஸ் ஒரு மயிரிழை கீழ இருக்கலாம், மேல இருக்கக் கூடாது. ஒரு ரெண்டு மில்லிமீட்டர் மேல இருந்தாலும் வேகமா வர்றவனுக்கு அது உளி மாதிரி. புதுசுல சரியா இருக்கும். நம்ம ஊர் வெயில்ல பகல்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கி, தாங்குற தூண் கொஞ்சம் இறங்கி, போல்ட்டு தளர்ந்து, சீலன்ட் பேந்துக்கினு வரும். நல்லாப் பராமரிக்கிற இடத்துல காலையில திறக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் உள்ள எறங்கி ஒவ்வொரு ஜாயிண்டையும் கையால தடவிப் பார்ப்பாங்க. கண்ணுக்குத் தெரியாததை விரல் சொல்லும்.

ஜெல் கோட் வெயில்ல வெளுத்து மாவு மாதிரி ஆச்சுன்னா வழவழப்பும் போச்சு. தோல்ல சிராய்க்கும். மெழுகு போட்டுத் தேய்க்கிறது அதுக்குத்தான். உள்ள இருக்கிற இழை வெளிய வந்துட்டா அரிப்பு தாங்க முடியாது, எங்க கையைப் பார்த்தா தெரியும்.

ஆம்பூர் அக்கா

பொம்பளைங்க விஷயம் யாரும் எழுதல, அதனால நான் எழுதுறேன். சங்கடமா இருந்தாலும் இது பொண்ணைப் பெத்தவங்களுக்குத் தெரியணும்.

ஸ்பீடு ஸ்லைடுல காலைக் கணுக்கால்ல பின்னிக்கச் சொல்றாங்க இல்ல, அது அழகுக்கு இல்ல. கடைசியில தேங்கின தண்ணிக்குள்ள அந்த வேகத்துல போகும்போது கால் விரிஞ்சிருந்தா தண்ணி அழுத்தமா உடம்புக்குள்ள ஏறும். அப்படி உள்காயம் ஆனதை டாக்டர்கள் மருத்துவ இதழ்கள்ல எழுதியிருக்காங்க. பொண்ணுங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஆம்பளைங்களுக்கும்தான். ஸ்லைடை விட்டு முழுசா நின்ன பிறகுதான் காலைப் பிரிக்கணும்னு சொல்லி அனுப்புங்க. சுடிதாரோட, துப்பட்டாவோட ஏறக் கூடாது. கழுத்துச் செயின், ஜிமிக்கி, கொலுசு எல்லாம் கழட்டிடணும். முடியை இறுக்கிப் பின்னிக் கொண்டை போட்டுடணும்.

அங்க நைலான் டிரெஸ் வாடகைக்குத் தர்றாங்களே, அதை வேணாம்னு சொல்ற பெரியவங்க எங்க வீட்ல இருக்காங்க. காட்டன்ல போனா என்ன ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவங்களுக்குக் காட்டணும்.

ராணிப்பேட்டை ஃபைபர் கை

அக்கா, காட்டன் தண்ணியைக் குடிச்சுக் கனத்து ஸ்லைடுல ஒட்டிக்கும். வேகம் ஒரே சீரா இருக்காது, பிடிச்சுப் பிடிச்சு வரும். சில பேர் நடுவுலயே நின்னுடுவாங்க, பின்னால வர்றவன் வந்து இடிப்பான். ஜீன்ஸ்ல இருக்கிற ரிவெட்டும் ஜிப்பும் ஜெல் கோட்டுல கோடு போடும், அந்தக் கோடு அடுத்து வர்றவங்க முதுகைக் கீறும். நைலான், பாலியஸ்டர்தான் சரி. முழுக்கை, முழுக்கால் வச்ச நைலான் டிரெஸும் இருக்கு, பெரியவங்களுக்கு அதைக் காட்டுங்க. கடைசியில தொடையும் முழங்கையும் சிராய்க்காது.

மூணாம் வருஷம் மெக்கானிக்கல்

வாத்தியார் சார் கணக்குல எனக்கு ஒரு சந்தேகம். உயரத்தை வச்சு வேகம் சொன்னீங்க, அதுல எடையே வரல. கலிலியோ சொன்ன மாதிரி எல்லாரும் ஒரே வேகத்துல இறங்கணும். ஆனா ஹாஸ்டல் பசங்களோட போனப்ப ஒவ்வொரு தடவையும் குண்டா இருக்கிறவன்தான் முதல்ல வந்தான். பக்கத்துப் பக்கத்து லேன்ல போட்டி போட்டுப் பார்த்தோம். பத்துக்கு எட்டு தடவை அவன்தான்.

குடியாத்தம் வாத்தியார்

சரியாப் பிடிச்சீங்க. நான் எழுதினது உராய்வு இல்லாத கணக்கு. சாதாரண உராய்வு இருந்தாலும் அது எடைக்கு ஏத்த மாதிரி கூடும், அதனால எடை அடிபட்டுப் போகும். ஆனா தண்ணிச் சறுக்குல முதுகுக்கும் ஃபைபருக்கும் நடுவுல ஒரு மெல்லிசான தண்ணிப் படலம் இருக்கு. அது இழுக்கிற இழுவையும் காத்தோட இழுவையும் எடையைப் பார்க்காது, பரப்பையும் வேகத்தையும்தான் பார்க்கும். 30 கிலோ பையனையும் 90 கிலோ ஆளையும் ஒரே உடல்வாகுன்னு வச்சுக்கிட்டா எடை 3 மடங்கு, பரப்பு சுமார் 2 மடங்குதான். கீழ இழுக்கிறது 3 மடங்கு, தடுக்கிறது 2 மடங்கு. அதனால கனமானவங்க வேகமா வருவாங்க.

வாலாஜா அப்பாவுக்கு இது நல்ல சேதி. அதே ஸ்லைடுல உங்க பொண்ணு உங்களை விடக் குறைஞ்ச வேகத்துலதான் வருவா. வேகம் குறைஞ்சா வளைவுல விசை அதோட வர்க்கத்துல குறையும். நீங்க பட்ட குத்தை அவ படமாட்டா, படுத்து வந்தா.

மூணாம் வருஷம் மெக்கானிக்கல்

நன்றி சார். அப்ப முதுகு முழுக்கப் படாம, தோள்பட்டையும் குதிகாலும் மட்டும் படுற மாதிரி உடம்பை வில்லு மாதிரி வளைச்சா வேகம் ஏறுதே, அதுவும் பரப்பு குறையுறதாலதானா?

குடியாத்தம் வாத்தியார்

ஆமா. ஆனா போட்டிக்காக அதைச் செய்யாதீங்க. உடம்பு விறைப்பா இருக்கும்போது ஃபைபர்த் தம்பி சொன்ன ஜாயிண்டு அடி முழுக்க ரெண்டே இடத்துல இறங்கும்.

முன்னாள் லைஃப்கார்டு

நான் மூணு வருஷம் ஒரு பார்க்குல வேலை பார்த்தேன். இப்ப ஆற்காட்டுல கடை வச்சிருக்கேன். இந்த இழையை ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படிச்சேன். நான் பார்த்ததைச் சொல்லிடுறேன்.

அடிபட்டதுல பெரும்பாலானது ஸ்பீடு ஸ்லைடுல இல்ல. சின்ன ஸ்லைடுலதான். அங்க யாரும் பயப்பட மாட்டாங்க, அதான் காரணம். நாலு பசங்க ஒருத்தன் இடுப்பை ஒருத்தன் கட்டிக்கிட்டு ரயில் மாதிரி வருவாங்க. விசில் ஊதிக்கிட்டே இருப்போம், கேக்க மாட்டாங்க. நாலு பேரும் ஒரே கட்டா வரும்போது எடை சேர்ந்து வேகம் ஏறிடும். தண்ணியில விழுந்ததும் முன்னால இருக்கிறவன் நின்னுடுவான், பின்னால இருக்கிற மூணு பேர் நிக்கலயே. பின்னவன் முழங்கால் முன்னவன் தலையில. பல்லு உடைஞ்சு, புருவம் கிழிஞ்சு, நானே தூக்கிட்டு ஓடியிருக்கேன். தலைகீழா, குப்புறப் படுத்து இறங்குறவங்களும் அப்படித்தான்.

இன்னொண்ணு, இறங்கி முடிச்சதும் தண்ணியிலயே நின்னு முகத்தைத் துடைச்சுக்கிட்டு, கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு, மேல பார்த்து "வாடா"ன்னு கூப்பிடுறது. அந்த இடத்தை விட்டு முதல்ல நகரணும். மேல நிக்கிற பையன் கீழ் ஆள் கை காட்டினப்புறம்தான் அடுத்தவரை விடணும். கூட்டம் நெருக்கும்போது "சீக்கிரம் விடுப்பா"ன்னு திட்டுற பெரியவங்களை நிறைய பார்த்திருக்கேன். தயவுசெஞ்சு அந்தப் பையனைத் திட்டாதீங்க. அவன் காக்குற பத்து நொடி உங்க பிள்ளைக்காகத்தான்.

அப்புறம் வெயில். நம்ம வேலூர் வெயில் உங்களுக்குச் சொல்லணுமா? கத்திரியில 42 டிகிரி சர்வ சாதாரணம். ஸ்பீடு ஸ்லைடுக்கு வரிசை பெரிசு, படிக்கட்டுல வெறுங்காலோட முக்கால் மணி நேரம் நிப்பாங்க. தண்ணியில ஆடுறதால தாகமே தெரியாது, குடிக்கவும் மாட்டாங்க. மேல போய்ச் சேரும்போதே தலை சுத்தும். அந்த நிலையில இறங்கி எழுந்து நிக்கும்போது மயக்கம் போட்டவங்க உண்டு. மோரோ உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸோ குடிச்சுட்டு ஏறணும். மதியம் பிரியாணி சாப்பிட்டுட்டு நேரா வராதீங்க, ஒரு மணி நேரமாவது விடுங்க. வாந்தி எடுத்தா அந்தக் குளத்தை மூடி ஆட்களை வெளியேத்திச் சுத்தம் பண்ணணும், எல்லாருக்கும் நேரம் போச்சு.

காட்பாடி பிசியோ

வெயில் விஷயம் ரொம்பச் சரி. சூட்டுல தோல் பக்கம் ரத்தக்குழாய் விரிஞ்சிருக்கும், உடம்புல நீரும் குறைஞ்சிருக்கும். சட்டுன்னு எழுந்து நின்னா மூளைக்கு ரத்தம் ஒரு நொடி தாமதமாகும்.

கர்ப்பமா இருக்கிறவங்க, டிஸ்க் பிரச்சனை, எலும்புத் தேய்மானம், இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, சமீபத்துல ஆபரேஷன், இவங்கள்ல யாரும் வேண்டாம். காதுல ஜவ்வு ஓட்டை இருக்கிற பிள்ளைங்களும் வேண்டாம். நம்ம ஊர்ல காது சீழ் வந்துட்டு மறந்துபோன பிள்ளைங்க நிறைய பேர். பாப்பாவுக்குச் சின்ன வயசுல காது சீழ் வந்ததுண்டா?

வாலாஜா அப்பா

இல்ல மேடம். அவ கேள்வி ஒண்ணைக் கேக்கச் சொன்னா, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா. "ஆரம்பத்துல வயித்துல ஒரு மாதிரி ஆகுமாமே, அது எதுக்கு? அது கெட்டதா?"

குடியாத்தம் வாத்தியார்

நல்ல கேள்வி கண்ணு. கெட்டது இல்ல. நாம எப்பவும் நம்ம எடையை உணர்றது தரை நம்மைத் தாங்குறதாலதான். ஸ்லைடு செங்குத்தா இறங்கும்போது உன்னைத் தாங்குறது குறைஞ்சுபோகும். வயித்துக்குள்ள இருக்கிற குடலும் சாப்பாடும் எப்பவும் கீழ தொங்கிக்கிட்டு இருக்கும் இல்ல, அதுவும் அந்த நொடி மிதக்கும். காதுக்குள்ள சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கு, எது கீழன்னு மூளைக்குச் சொல்றது அதுதான். அதுவும் அந்த நேரத்துல மிதந்து, "விழுறோம்"னு மூளைக்குச் சொல்லும். நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விறைக்காம, கத்திக்கிட்டே போனா சுலபமா இருக்கும். தண்ணி வர்ற இடத்துக்கு முன்னாடி வாயை மூடி மூக்கு வழியா மூச்சை வெளிய விடு. அப்ப தண்ணி மூக்குல ஏறாது.

மூடின குழாய்ல, இருட்டா இருக்கிற ஸ்லைடுல இது இன்னும் அதிகமாத் தெரியும். வளைவு எந்தப் பக்கம்னு கண் முன்கூட்டிச் சொல்லாததால உடம்பு தயாராகாது. அதே விசைதான், ஆனா இன்னும் பலமா உணர்வோம்.

ஏலகிரி போயிருக்கியா? 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள், வள்ளல்கள் பேரெல்லாம் வச்சிருப்பாங்க. பஸ் மணிக்கு 20 கிலோமீட்டர்ல 10 மீட்டர் ஆரத்துல திரும்பினா உன்னை ஜன்னல் பக்கம் சாய்க்கிறது 0.3 ஜி. வளைஞ்சு வளைஞ்சு போற ஸ்லைடுல நொடிக்கு 8 மீட்டர் வேகத்துல 5 மீட்டர் ஆரம்னா 1.3 ஜி, பஸ்ஸைப் போல நாலு மடங்கு. ஆனா பஸ்ல வாந்தி வர்றவங்களுக்குக் கூட ஸ்லைடுல அவ்வளவா வர்றதில்ல. பஸ்ல சீட்டு நேராவே இருக்கு, நீதான் சாயுற. ஸ்லைடுல நீயே சுவர் மேல ஏறிடுற, விசை எப்பவும் முதுகுப் பக்கமாவே வருது. அதோட ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சும் போயிடுது.

மூணாம் வருஷம் மெக்கானிக்கல்

இதுல டிசைன் தப்பினா என்ன ஆகும்னு ரெண்டு உதாரணம் சொல்லணும். இந்தப் படிப்பை நான் எடுத்ததுக்கே ஒரு காரணம் இது.

அமெரிக்காவுல நியூஜெர்சியில ஆக்‌ஷன் பார்க்னு ஒண்ணு இருந்துச்சு. அங்க 1980-கள்ல முழு வட்டமா, தலைகீழா சுத்தி வர்ற தண்ணிச் சறுக்கு வச்சாங்க. கொஞ்ச நாள்லயே மூடிட்டாங்க. முழு வட்டத்துல உச்சியில கீழ விழாம இருக்கணும்னா, உராய்வே இல்லன்னு வச்சாக் கூட அடியில நுழையும்போது 6 ஜி வரும். நேர் பாதையில இருந்து வட்டத்துக்குள்ள நுழைஞ்ச அந்த நொடியே 1-ல இருந்து 6-க்குத் தாவும். கழுத்து தாங்குமா? இப்ப வர்ற லூப்பு ஸ்லைடெல்லாம் சாய்ச்சுத்தான் வைக்கிறாங்க, வளைவும் கொஞ்சம் கொஞ்சமா இறுகிக்கிட்டு வரும். வேகம் பத்தாம பாதியில நிக்கிறவங்க வெளிய வர ஒரு கதவும் வச்சிருப்பாங்க. அதனாலதான் அதுல குறைஞ்சபட்ச எடையும் கேக்குறாங்க.

ரெண்டாவது, கன்சாஸ் சிட்டியில இருந்த வெருக்ட். 51 மீட்டர் உயரம், 2014-ல திறந்தப்ப உலகத்துலயே உயரமான தண்ணிச் சறுக்கு. மூணு பேர் உட்கார்ற ராஃப்ட், அதாவது காத்தடைச்ச மிதவை. முதல் இறக்கத்துக்கு அப்புறம் ஒரு மேடு. மேட்டு உச்சியில ராஃப்ட் தரையோட ஒட்டியிருக்கணும்னா, வேகத்தோட வர்க்கத்தை ஆரத்தால வகுத்தா ஒரு ஜி-க்குள்ள வரணும். நொடிக்கு 20 மீட்டர்னா அந்த மேட்டோட ஆரம் 40 மீட்டருக்கு மேல வேணும். மீறினா பறக்கும். 2016 ஆகஸ்ட்ல அப்படிப் பறந்து, மேல வலையைத் தாங்கியிருந்த இரும்பு வளையத்துல மோதி 10 வயசுப் பையன் இறந்துட்டான். அதோட மூடினாங்க, 2018-ல பிரிச்சே எடுத்துட்டாங்க. அந்தப் பையன் ஒரு தப்பும் பண்ணல. சொன்ன மாதிரிதான் உட்கார்ந்திருந்தான். இதை நினைச்சா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

ஆம்பூர் அக்கா

தம்பி, பாப்பா பக்கத்துல உட்கார்ந்து படிக்குதுன்னு அவங்க அப்பா சொல்லியிருக்கார். கொஞ்சம் பார்த்து எழுதுப்பா.

வாலாஜா அப்பா

பரவாயில்ல அக்கா. அவளும் படிச்சா. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நம்ம ஸ்லைடுல மேடு இல்லையேப்பா"ன்னா. இல்லன்னு சொன்னேன். அது ஒரே இறக்கம், அப்புறம் நீளமாத் தட்டையா தண்ணி நிக்கிற ஓட்டம்.

குடியாத்தம் வாத்தியார்

அந்தத் தட்டை ஓட்டம் எவ்வளவு நீளம்னு எட்டு வச்சுப் பாருங்க. 13 மீட்டர் வேகத்துல வந்து 25 மீட்டர்ல நின்னா 0.35 ஜி-தான், டவுன் பஸ் பிரேக் போடுற அளவு. அதே வேகத்துல 3 மீட்டர்ல நிறுத்தினா 2.9 ஜி. தண்ணி எவ்வளவு ஆழம்னும் கவனிங்க. மெல்ல மெல்ல ஆழமானா நல்லது. உங்க முகத்துல அறைஞ்சதுக்குக் காரணம், நீங்க உட்கார்ந்திருந்ததால நெஞ்சுதான் தண்ணியை முதல்ல தள்ளியிருக்கு. படுத்திருந்தா குதிகால் தண்ணியைப் பிளந்து ரெண்டு பக்கமும் விட்டிருக்கும். கிணத்துக்காரத் தம்பி சொன்ன கால் முதல் குதிதான் இது, படுக்க வச்ச மாதிரி.

ஒடுகத்தூர் கிணத்துக்காரன்

சார், நான் முதல்ல "தாராளமா அனுப்புங்க"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். இதெல்லாம் படிச்ச பிறகு அதை மாத்திக்கிறேன். கெணத்துல எங்களுக்கும் முதல் நாளே மோட்டார் ரூம் கிடையாது. மாமா இடுப்புல சுரக்குடுக்கை கட்டி, முதல்ல படியில இருந்து, அப்புறம் பாதிச் சுவர்ல இருந்து, ஒரு மாசம் கழிச்சுத்தான் மேல விட்டாரு. அதைச் சொல்ல மறந்துட்டேன். பாப்பாவையும் அப்படிக் கொண்டு போங்கண்ணா.

வாலாஜா அப்பா

எல்லாருக்கும் நன்றி. நேத்து போயிட்டு வந்தோம். அதை எழுதத்தான் வந்தேன்.

தம்பி சொன்ன மாதிரி முதல்ல சின்ன நேர் ஸ்லைடுல நாலு தடவை. படுத்துக்கிட்டு, கை நெஞ்சுல, கணுக்கால் பின்னி, தலை கீழ. வீட்லயே பாய்ல படுக்க வச்சுப் பழக்கியிருந்தேன். அப்புறம் நடுத்தரமா ஒண்ணுல ரெண்டு தடவை. அதுலேயே இறங்கி வந்து "முதுகுல எதுவும் தட்டல"ன்னு சொன்னா. முழுக்கை நைலான் டிரெஸ், அம்மாவுக்கும் சம்மதம். ஏறுறதுக்கு முன்னாடி மோர் குடிக்க வச்சேன்.

ஸ்பீடு ஸ்லைடு கிட்ட போய் முதல்ல கீழ நின்னு பத்து பேர் இறங்குறதைப் பார்த்தோம். எல்லாரும் தட்டை ஓட்டத்துல பாதியிலயே நின்னுட்டாங்க. ஓட்டம் என் எட்டுக்கு 38 எட்டு. உயரம் போதும்னு மேல இருந்தவர் அளந்து பார்த்து விட்டார். இறக்கத்துல ஒரு சத்தம் போட்டா, அப்புறம் வாயை மூடிக்கிட்டா. சொன்ன மாதிரியே நின்னு, காலைப் பிரிச்சு, ஓரமா நகர்ந்துட்டுத்தான் என்னைத் தேடினா. மூணு தடவை போனா. வலி எங்கயும் இல்ல. நான் ஏறல, இடுப்பு முழுசாச் சரியாகட்டும்.

வாத்தியார் சார், படி எண்ணினோம். நான் எண்ணினது 81, அவ எண்ணினது 83. ஜாண் வச்சு அளந்ததுல ஒரு படி 16-க்கும் 18-க்கும் நடுவுல வருது. அவ இப்ப நோட்டுல கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கா. வர்க்கமூலம் எப்படி எடுக்கிறதுன்னு கேக்கிறா, எனக்கு மறந்துபோச்சு.

குடியாத்தம் வாத்தியார்

சந்தோஷம். 82-னு வச்சுக்கச் சொல்லுங்க, படி 17 சென்டிமீட்டர். உயரம் 14 மீட்டருக்கு ஒரு பிசிறு கம்மி. அதை 2-ஆலயும் 9.8-ஆலயும் பெருக்கினா 273 சொச்சம் வரும். எந்த எண்ணை அதே எண்ணால பெருக்கினா 273-க்குப் பக்கத்துல வரும்னு 15, 16, 17-னு போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. வர்க்கமூலம்னா அவ்வளவுதான். விடையை இங்கேயே அவளையே எழுதச் சொல்லுங்க, நான் திருத்துறேன்.